பதினொரு பழைய வீடுகள்

வேரோனிக்காவுக்கு அந்த அழைப்பு வந்தது பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பின்பக்கத்து அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் சூடாக்கிக்கொண்டு நின்றாள். தவக்காலத்துக்கென்று மீன், இறைச்சி என்று எல்லா மச்சமும் விட்டிருந்தாள். யன்னலுக்கு வெளியே பனி கரைந்து, உப்பும் சேறும் கலந்து, கார் நிறுத்துமிடம் முழுக்க ஒரு சாம்பல் நிறமாகக் கிடந்தது.

"ஆன்ட்டி, நான் அனுபமா பேசறேன். ரூஜ்ல இருந்து. பேஸ்மென்ட் வேலைக்கு அங்கிள் வந்து பாத்துட்டுப் போனாரே?"

"ஓம் பிள்ளை, சொல்லுங்கோ. வாற கிழமை தொடங்கலாமெண்டு சொன்னவர்."

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. உங்க கார்டுல லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கீங்கல்ல, அதை நேத்து ஆன்லைன்ல செக் பண்ணேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், கரண்ட் வேலைக்கு யாரைக் கூப்பிட்டாலும் முதல்ல அதைப் பாத்துடுன்னு. அதுல வேற கம்பெனி பேர் வருது. விட்பி அட்ரஸ். அங்கிள் பேர் எங்கேயும் இல்ல."

வேரோனிக்கா மைக்ரோவேவின் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"அது பிள்ளை, கார்ட் அடிக்கேக்க பிழைச்சிருக்கும். நான் இவரைக் கேட்டுச் சொல்லுறன்."

"சரி ஆன்ட்டி. மிஸ்டேக்னா சொல்லுங்க. இல்லன்னா..." அந்தப் பெண் வசனத்தை முடிக்கவில்லை. "சாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

பிழையே செய்யாத ஒரு பெண் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது வேரோனிக்காவை என்னவோ செய்தது. இடியப்பத்தைத் திரும்ப மூடி வைத்துவிட்டு, மிச்ச நேரம் முழுவதும் கதிரையில் சும்மா இருந்தாள்.

அவளுடைய கணவன் ஜஸ்ரின் பன்னிரண்டு வருடங்களாகக் கனடாவில், ஸ்காபரோவில் வீட்டு வேலைகள் செய்து வந்தான். ஒழுகுகிற குழாய், உடைந்த தளம், சுவர் எழுப்புவது, பூச்சு, பேஸ்மென்ற் முழுவதையும் கட்டி முடிப்பது, எல்லாம். ஆனால் அவன் மனதுக்குப் பிடித்தது வயரிங்தான். கட்டாரில் ஆறு வருடம் அதைத்தான் செய்தவன். கூரைக்குள் வரிசையாக லைற் பூட்டிவிட்டு, சுவிட்சைத் தட்டி, வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கிறபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

தொலைபேசி வேரோனிக்காவின் பொறுப்பு. அவன் ஏணியில் நிற்கிற ஆள், ஆங்கிலமும் மெதுவாகத்தான் வரும். அதனால் கார்ட்டில் அவளுடைய இலக்கத்தைத்தான் போட்டிருந்தார்கள். நாள் குறிப்பது, சாமான் எப்போது வரும் என்று சொல்வது, பிந்தினால் சமாதானம் சொல்வது, எல்லாம் அவள். "என்ர மனுசன் லைசென்ஸ் உள்ளவர். பயப்பிடாதேங்கோ" என்பது அவள் வாயில் ஒரு செபம் மாதிரிப் பழகிப் போயிருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன் அவன் லைசென்ஸ் சோதினை எழுதிவிட்டு வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் பூசைக்கு வந்த அத்தனை பேருக்கும் மண்டபத்தில் வைத்து ரோல்ஸ் கொடுத்திருந்தாள். நூற்றியிருபது ரோல்ஸ். முதல்நாள் இருவருமாக இருந்து சுற்றிப் பொரித்தார்கள்.

ஐந்து மணிக்கு ஜஸ்ரின் வந்தான். தலைமயிரிலும் புருவத்திலும் சுவர்த் தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது. குசினிக் குழாயில் கையைக் கழுவிவிட்டுத் திரும்பியவன், மேசையில் தனியாகக் கிடந்த கார்ட்டைக் கண்டான். வேரோனிக்கா எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"இந்த நம்பர் ஆரின்ர?" என்று கேட்டாள்.

அவன் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான்.

"ரூஜில இருந்து அந்த இந்தியாப் பிள்ளை ஃபோன் எடுத்தவள். கொம்பியூட்டரில பாத்தவளாம். விட்பி அட்ரஸ் வருதாம்."

"ஜெயம் அண்ணையின்ர நம்பர்."

ஜெயரட்ணத்தை அவளுக்குத் தெரியும். முறையாக லைசென்ஸ் எடுத்து, சொந்தமாக மின்சாரக் கொம்பனி வைத்திருக்கிறவர். ஜஸ்ரின் தொடக்கத்தில் இரண்டு வருடம் அவரிடம் வேலை செய்தவன்.

"அவர் தந்தவரோ?"

"இல்லை."

"அப்ப உங்கட நம்பர் எங்க?"

ஜஸ்ரின் கதிரையை இழுத்து இருந்தான். "எனக்கெண்டு நம்பர் இல்லை, வேரோ. முதல்தரம் ஃபெயில் எண்டு உமக்குத் தெரியும். ரெண்டாந்தரமும் ஃபெயில்தான். கேள்வி விளங்கினா பதில் தெரியும். கேள்வி விளங்குறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. வீட்டை வரேக்க நீர் வாசலில நிண்டனீர். உம்மட முகத்தைப் பாத்தாப்பிறகு சொல்ல ஏலாமப் போச்சு."

"நான் கோயில்ல ரோல்ஸ் குடுத்தனான்."

"தெரியும்."

"நீங்களும் பக்கத்தில நிண்டு குடுத்தனீங்கள்."

"தெரியும். மூண்டாந்தரம் எழுதிப் பாஸ் பண்ணிப்போட்டுச் சொல்லுவம், அதோட சரியாப்போயிடும் எண்டு நினைச்சன். பேந்து வேலை வந்துகொண்டே இருந்தது."

வேரோனிக்கா கத்தவில்லை. கத்துவதற்கு அவளுக்குள் ஏதோ ஒன்று இடம் கொடுக்கவில்லை. லைசென்ஸ் எடுத்தவர்கள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். இந்த வீட்டில் அப்படி ஒன்று தொங்கியதே இல்லை. ஒவ்வொரு வயரிங் வேலைக்கும் முன்கூட்டியே அறிவித்து, முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு இன்ஸ்பெக்டரும் ஒருநாளும் வரவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை இப்போதுதான் எண்ணிப் பார்த்தாள்.

அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"பாலேஸ்வரி அன்ரி ரெண்டு கிழமைக்கு முன்னம் எடுத்தவ. பேஸ்மென்ற் லைற் மினுங்குது எண்டு. போனனீங்களோ?"

"இல்லை. நேரம் கிடைக்கேல்லை."

"சும்மா மினுங்கிறதுதானே?"

ஜஸ்ரின் துவாயை மேசையில் வைத்தான்.

"அது எழுபதுகளில கட்டின வீடு. அந்தக் காலத்து வீடுகளுக்குள்ள ஓடுறது அலுமினிய வயர். நான் போட்டது செப்பு வயர். ரெண்டையும் சேத்து முறுக்கி மேல பிளாஸ்ரிக் தொப்பி பூட்டினனான். கட்டாரில நாங்கள் அலுமினியம் கண்டதே இல்லை. அதுக்கு வேற தொப்பி இருக்கு, வேற முறை இருக்கு எண்டு எனக்குப் பேந்துதான் தெரியும்."

"முறைப்படி பூட்டாட்டி?"

"சூடாகும்."

அவள் எழுந்து கோட்டை எடுத்தாள்.

பாலேஸ்வரியின் வீடு மார்க்கம் வீதிக்குக் கிட்ட. அவருக்கு எழுபத்தொரு வயது. அவருடைய கணவர் கடைசி ஒன்றரை வருடமும் வேரோனிக்கா வேலை செய்யும் இல்லத்தில்தான் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, சாகிற அன்று பக்கத்தில் நின்றவள் வேரோனிக்கா. அந்தப் பழக்கத்தில்தான் பாலேஸ்வரி பேஸ்மென்ற் வேலையை ஜஸ்ரினிடம் கொடுத்தார். கீழே ஒரு குசினி போட்டு, படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்து வந்தார். வீட்டில் மச்சம் நுழையாது.

அவர்கள் போனபோது அவர் அடுத்தநாளைக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. நான் நினைச்சன் மறந்திட்டியள் எண்டு. கீழ ஒருக்காப் பாருங்கோ தம்பி. லைற் மினுங்குது, அதோட ஒரு மீன் மணம். நான் மீன் சமைக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். கக்கூஸ் பைப்பில ஏதும் செத்துக் கிடக்குதோ எண்டுகூட யோசிச்சன்."

ஜஸ்ரின் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கீழே ஓடினான். சூடேறி உருகுகிற பிளாஸ்ரிக்குக்கு மீன் மணம் வரும் என்பது வேரோனிக்காவுக்குத் தெரியாது; அவன் ஓடிய வேகத்தில் தெரிந்துகொண்டாள். ஒரு நிமிடத்தில் வீடு முழுவதும் இருண்டது. முதன்மைச் சுவிட்சை நிறுத்தியிருந்தான்.

கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இரண்டு பெண்களும் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். ஜஸ்ரின் ஸ்ரூலில் ஏறிக் கூரையிலிருந்த ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றியிருந்தான். உள்ளே வயர்களுக்குப் பூட்டிய தொப்பி இளகி வழிந்து, திரும்ப இறுகி, கருமண்ணிறத்தில் ஒரு கட்டியாகக் கிடந்தது. பெட்டிக்குப் பக்கத்து மரச் சட்டம் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது. ஜஸ்ரின் அதைத் தொட்டான். விரலில் கரி வந்தது.

"என்ன தம்பி இது?" பாலேஸ்வரி மெதுவாகக் கேட்டார்.

அவன் ஸ்ரூலில் நின்றபடியே இருந்தான். சொல்லவேண்டியது வேரோனிக்காவின் தலையில் விழுந்தது. இருட்டில் நின்று சொன்னாள். இவருக்கு லைசென்ஸ் இல்லை, கார்ட்டில் இருக்கிறது வேறு ஒருவருடைய நம்பர், தனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

பாலேஸ்வரி கருகிய சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "இதுக்கு மேலதான் என்ர கட்டில்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எங்கே எது இருக்கிறது என்று தனக்குத்தானே விளங்கப்படுத்துகிறவர் மாதிரிச் சொன்னார்.

"அன்ரி, எனக்கு உண்மையாத் தெரியாது."

"லைசென்ஸ் இருக்கெண்டு நீர்தானே பிள்ளை சொன்னனீர். பெர்மிற் எடுப்பமோ எண்டு நான் கேட்டனான். அது வீண் செலவு அன்ரி, இவருக்குத் தெரியாததோ எண்டு சொன்னதும் நீர்தான். ஃபோனில சொன்னனீர். எனக்கு ஞாபகம் இருக்கு. என்ர மனுசனை நீர் பாத்த பார்வைக்கு, உம்மட சொல்லுக்கு மேல நான் வேற ஆரிட்டையும் கேக்கேல்லை."

அந்த வசனத்தை அவள் பாலேஸ்வரிக்கு மட்டும் சொல்லவில்லை. பெர்மிற் பற்றிக் கேட்ட எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். அப்படிச் சொல்லும்படி ஜஸ்ரின் ஒருமுறை சொன்னான். பிறகு அவன் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அன்றிரவு பாலேஸ்வரி மகளின் வீட்டுக்குப் போனார். வெட்டி வைத்த கத்தரிக்காயைத் தண்ணீரோடு சிங்கில் கொட்டிவிட்டுத்தான் கோட்டைப் போட்டார்.

ஜெயரட்ணத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னவன் ஜஸ்ரின். மனைவிக்கு முன்னால் எடுக்கவில்லை, காருக்குள் இருந்து எடுத்தான். அடுத்தநாள் காலமை ஜெயரட்ணம் விட்பியிலிருந்து வந்தார். கட்டையான, நரைத்த மனிதர். பாலேஸ்வரியின் பேஸ்மென்றில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பார்த்து, படம் எடுத்தார். மேலே வந்து குசினிக் கதிரையில் இருந்தார். வேரோனிக்கா பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"என்ர நம்பரில ஒரு வீடு எரிஞ்சிருந்தா, ஜஸ்ரின், என்னைத்தான் கூப்பிட்டு விசாரிச்சிருப்பினம். ஒரு மனிசி செத்திருந்தா என்ர பேரிலதான் செத்திருப்பா."

"ஓம் அண்ணை."

"ரெண்டு வருசம் என்னோட வேலை செய்தனி. உன்ர கை வேலை எனக்குத் தெரியும். நீ வேலை தெரியாதவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோவம். சோதினைக்கு நான் இருந்து சொல்லித் தந்திருப்பன். நீ கேக்கேல்லை."

"வெக்கமாயிருந்தது அண்ணை."

"இப்ப?"

ஜஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டான்.

"இஞ்ச பார். நான் இதை ரிப்போட் பண்ணப்போறன். பழகின பழக்கத்துக்காக விடமாட்டன். என்ர லைசென்ஸ் போனா எனக்கு வேலை செய்யிற பதினாலு பேர் வீட்டில இருக்கவேணும். வழக்கு வரும், வரட்டும். அது ஒரு பக்கம். இப்பிடி எத்தினை வீடு செய்திருக்கிறாய்?"

வேரோனிக்காவின் தொலைபேசியில் எல்லாம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துச் செய்திகள், வீட்டு இலக்கங்கள், நாட்கள். மூன்று பேருமாக இருந்து பார்த்தார்கள். புது வீடுகளில் அலுமினியம் இல்லை. அவற்றையும் பார்க்கவேண்டும், ஆனால் அவசரமில்லை என்றார் ஜெயரட்ணம். பழைய வீடுகளாகவும் இருந்து, ஜஸ்ரின் வயர் பொருத்தியதுமாக இருந்தவை பாலேஸ்வரியின் வீட்டோடு பதினொன்று.

"நீங்கள் ரெண்டுபேரும் நேர போய்ச் சொல்லுங்கோ. நான் போய்ச் சொன்னா வேலை பிடிக்கிறன் எண்டு நினைப்பினம். ஆரையாவது லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கோ. என்னைத்தான் எண்டில்லை. அதுவரைக்கும் அந்த லைற்றுகளையும் ப்ளக்குகளையும் தொடவேண்டாம்."

அதன்பிறகு இரண்டு கிழமை அவர்கள் வாசல் வாசலாக ஏறினார்கள். வேலை முடிந்து, மாலை ஐந்து ஆறு மணிக்கு. ஒருநாள் ஐஸ் மழை பெய்து படிகள் கண்ணாடியாகக் கிடந்தன. ஜஸ்ரின் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவளையும் பிடித்து ஏற்றினான். மணியை அடிப்பது அவள். பேசுவதும் அவள். அவன் ஒரு படி கீழே நின்று, கதவடியில் கிடக்கும் மிதியடியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "இவருக்கு லைசென்ஸ் இல்லை. உங்களிட்டப் பொய் சொல்லி வேலை செய்திட்டார்" என்று அவள் தொடங்குவாள்.

பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்வது சுகம் என்று அந்த நாட்களில் அவள் நினைத்தாள். அங்கே ஒரு ஆள்தான், அதுவும் மறைவில், முகம் தெரியாமல். இங்கே ஒவ்வொரு வாசலிலும் வெளிச்சத்தில் நின்று சொல்லவேண்டியிருந்தது. சில வீடுகளில் பிள்ளைகள் வந்து தாய்க்குப் பின்னால் நின்று கேட்டார்கள்.

பிரசாந் என்கிற பொடியன் காப்புறுதிக் கொம்பனிக்கு இதைத் தான் சொல்லவேண்டுமா, சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். இன்னொரு வீட்டில் சுபாங்கி என்கிற பெண் கைக்குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். கதவுக்குள் அவள் அழுவது கேட்டது. ஒரு வயதான மனிதர் இருவரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுத்து, "பிள்ளையள், எனக்கு ஆரம்பத்திலேயே ஐமிச்சம்தான். லைசென்ஸ் உள்ளவன் கேட்ட காசில பாதிதானே நீங்கள் கேட்டனீங்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டன்" என்றார். ஏச்சைவிட அந்தத் தேத்தண்ணிதான் அவளுக்கு விழுங்கக் கஷ்டமாக இருந்தது.

கடைசியாக மிஞ்சியது சீமோனின் வீடு. சீமோன் கோயில் சபையில் பெரிய ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகம் வாசிப்பவர். வேண்டுமென்றுதான் அவர் வீட்டைக் கடைசிக்கு விட்டார்கள். இருவருமே அதை வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிபோலப் போனார்கள்.

சீமோன் கதவைப் பாதி திறந்தபடி நின்று கேட்டார். முகம் மாறவே இல்லை.

"சரி, சொல்லிப்போட்டியள். இனிப் போங்கோ."

"அண்ணை, கீழ ஆக்கள் இருக்கினமெல்லோ. ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. கெதியில."

"வேரோனிக்கா, இன்ஸ்பெக்டர் எண்டு ஒருத்தனை நான் உள்ள விட்டா, அவன் வயரை மட்டும் பாத்திட்டுப் போவானோ? அந்த பேஸ்மென்ற்றுக்கு ஒரு பெர்மிற்றும் இல்லை. இன்னும் ஒரு வாசல் வை, யன்னலைப் பெருப்பி எண்டு நிப்பினம். வாடகையை நம்பித்தான் நான் மோட்கேஜ் கட்டுறன். ரெண்டு வருசமா ஒண்டும் எரியேல்லைத்தானே."

"பாலேஸ்வரி அன்ரி வீட்டிலயும் ரெண்டு வருசம் ஒண்டும் எரியேல்லை, அண்ணை."

"உமக்கு இப்ப மனச்சாட்சி வந்திட்டுது. நல்லது. நீர் நல்ல பிள்ளையாகிறதுக்கு நான் ஏன் நட்டப்படவேணும்?" அவர் ஜஸ்ரினைப் பார்த்தார். "நீ செய்தது காணும் தம்பி. கூட்டிக்கொண்டு போ."

கதவு சாத்தப்பட்டது.

அந்த வார்த்தை வேரோனிக்காவை உலுக்கியது. அதில் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் காரணம். ஒவ்வொரு வாசலிலும் சொல்லி இறங்கும்போது நெஞ்சு கொஞ்சம் இலேசானதை அவள் உணர்ந்திருந்தாள். கேட்டவர்களின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்று அவள் நின்று பார்க்கவில்லை.

காருக்கு நடக்கத் தொடங்கினாள். ஜஸ்ரின் கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது, அவன் வீட்டின் பக்கத்து ஓடையால், குவிந்து கிடந்த அழுக்குப் பனியை மிதித்துக்கொண்டு பேஸ்மென்ற் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தவள் நிலாணி. முப்பது வயதுக்குள் இருக்கும். ஊரிலிருந்து வந்து ஒரு வருடமும் ஆகவில்லை. பொதி கட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. உள்ளே மேசையில் அவளுடைய மகள், ஆறு வயதுச் சிறுமி, நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்தது. தலைக்கு மேல் வரிசையாக எட்டு லைற்றுகள் எரிந்தன.

ஜஸ்ரின் சால்வையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"தங்கச்சி, என்ர பேர் ஜஸ்ரின். இந்த லைற்றும் அந்த அடுப்பு ப்ளக்கும் நான் பூட்டினது. எனக்கு அதுக்கு லைசென்ஸ் இல்லை. நான் வயர் பொருத்தின முறை பிழை. சூடாகி நெருப்புப் பிடிக்கலாம். இன்னொரு வீட்டில கருகினதை என்ர கண்ணால பாத்தனான். வந்து சொல்லாமப் போகக்கூடாது எண்டு வந்தனான்."

வேரோனிக்கா பின்னால் வந்து நின்றாள். அவன் இத்தனை வசனத்தை ஒன்றாகச் சொல்லி அவள் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

நிலாணி முதலில் அடுப்பை நிறுத்தினாள். பிறகுதான் கேட்டாள். "சீமோன் அங்கிளுக்குத் தெரியுமோ?"

"இப்பதான் சொன்னனாங்கள்."

"என்ன சொன்னவர்?"

ஜஸ்ரின் கையிலிருந்த சால்வையை மடித்தான்.

"விளங்குது" என்றாள் நிலாணி. மகளைப் பார்த்தாள். "அப்ப நாங்கள் எங்க போறது?"

"எங்கட வீட்டுக்கு வாங்கோ பிள்ளை," வேரோனிக்கா முந்திக்கொண்டு சொன்னாள். "மோல்வேர்னிலதான் இருக்கிறம். மேல ஒரு அறை சும்மா கிடக்கு. உது சரிவருமட்டும் எத்தினை நாளெண்டாலும் நில்லுங்கோ."

நிலாணி ஜஸ்ரினைப் பார்த்தாள். "உங்கட வீட்டிலயும் இவர்தானே அன்ரி வயரிங் செய்தவர்?"

வேரோனிக்காவுக்கு முகம் எரிந்தது. பதினொரு வீடுகளையும் தேடி எழுதியிருந்தார்கள். தங்கள் வீட்டைப் பற்றி அவளும் யோசிக்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"ஓம்," என்றான் ஜஸ்ரின். "நான்தான். அதுவும் பழைய வீடுதான். இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை."

நிலாணி யூனியன்வில்லில் இருக்கிற ஒரு சிநேகிதிக்கு எடுத்தாள். பிறகு ஜஸ்ரின் காட்டிய ப்ரேக்கர்களை ஒன்றொன்றாக அணைத்தாள். சிநேகிதி வர ஒரு மணித்தியாலம் ஆனது. அதுவரைக்கும் அவர்கள் நாலு பேரும் கோட் போட்டபடி, கூரையை ஒட்டியிருந்த சின்ன யன்னலின் வெளிச்சத்தில் இருந்தார்கள். சிறுமி நிறம் தெரியவில்லை என்று பென்சில்களைப் பெட்டிக்குள் அடுக்கினாள். மேலே சீமோனின் வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜஸ்ரின் நேரே கீழே இறங்கித் தங்கள் வீட்டு முதன்மைச் சுவிட்சை நிறுத்தினான். ஜெயரட்ணத்துக்கு எடுத்தான். இம்முறை குசினியில், அவளுக்கு முன்னால் நின்று எடுத்தான்.

"எங்கட வீட்டையும் பாக்கவேணும் அண்ணை."

மறுபக்கத்திலிருந்து அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ஜஸ்ரின், "ஓம். முதல்நாளே சொல்லியிருக்கவேணும்" என்றான். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாராம். சீமோனின் வீட்டைப் பற்றி நிலாணி தானே முறைப்பாடு கொடுத்துவிட்டாள் என்பதும், கீழே இரண்டு பெட்டிகள் கருகியிருந்தன என்பதும் பிறகு தெரிய வந்தன. சீமோன் அதன்பின் அவர்களோடு பேசவில்லை. ஜஸ்ரினுக்கு வழக்கு வந்தது. அது வேறு கதை.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு குசினி யன்னலடியில் இருந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டியிருந்தது. வீடு குளிரத் தொடங்கியது. ஜஸ்ரின் ஒரு துண்டைப் பிய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான். அவள் சம்பலை அவன் பக்கம் தள்ளினாள்.

தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"அக்கா, ஜஸ்ரின் அண்ணையின்ர நம்பரோ? இஞ்ச பேஸ்மென்ற்றில கொஞ்ச லைற் போடவேணும். ஒரு அஞ்சாறுதான்."

"அவர் கரண்ட் வேலை செய்யமாட்டார், தம்பி. அவருக்கு லைசென்ஸ் இல்லை."

ஜஸ்ரின் நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லையோ?" மறுபக்கத்தில் அந்தப் பொடியன் சிரித்தான். "பரவாயில்லை அக்கா. சின்ன வேலைதானே. நல்ல மனுசன், நம்பிக் குடுக்கலாமெண்டு எல்லாரும் சொல்லுகினம்."

வேரோனிக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்வீட்டில் லைற் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலும்.

"எல்லாரும் சொல்லேல்லை, தம்பி," என்றாள். "அப்பிடிச் சொல்லித் திரிஞ்சது நான்தான்."